உதவி தேவை: வேறொருவர் பாதியில் விட்ட கண்டித் துப்பாக்கி (நாடகத்துக்கான மர மாதிரி)

ஹட்டனிலிருந்து:
வணக்கம். 1815இல் கண்டி இராச்சியம் வெள்ளைக்காரரிடம் விழுந்ததைப் பற்றி எங்கள் குழு நாடகம் போடுகிறது. அதற்காகத் தச்சு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் அந்தக் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பலாக் கட்டையில் செதுக்கத் தொடங்கிவிட்டு, இடையில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார், மிச்சத்தை நான்தான் முடிக்க வேண்டும். சுடுகிற சாமான் இல்லை, குழல் என்பது கடைந்த முழுக் கட்டைதான். அது கட்டையில் அதற்காக வெட்டிய பள்ளத்தில் முன்பக்கம் சரியாக உட்காருகிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விசைக்கான (கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்புகிற அமைப்பு) குழியை இடது பக்கம் வெட்டியிருக்கிறார், தோளில் வைக்கிற அடிக்கட்டையும் இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கிறது. குழியை அடைத்து வலது பக்கம் வெட்டி, பிளவையும் அறுத்துச் சமமாக்கலாமா? கடைசியில் எதைப் பூசுவது?

மாத்தளையிலிருந்து:
தம்பி, மரம் அறுக்கிற வாளைக் கீழே வையுங்கள்! அவர் தெரிந்துதான் செய்திருக்கிறார். நம் நாட்டுப் பழைய துப்பாக்கிகளில் விசை இடது பக்கம் இருப்பதும், அடிக்கட்டை கவடு மாதிரிப் பிளந்திருப்பதும்தான் அடையாளமே. அதைச் சரிசெய்யப் போனால் வெள்ளைக்காரன் துப்பாக்கியாகிவிடும், நாடகத்தில் கண்டி வீரன் கையில் அது எப்படி இருக்கும்?

குழலுக்கு வருவோம். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் ஒரு தகரத்தைப் பிடித்தால் கரி படியும், அதில் துளி தேங்காயெண்ணெய் குழைத்துக் குழலின் அடியில் மெல்லியதாகத் தடவுங்கள். பள்ளத்தில் அழுத்தி நேராகத் தூக்குங்கள். எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது, அந்த இடத்தை மட்டும் கூரான உளியால் சுரண்டி மறுபடியும் வைத்துப் பாருங்கள். பொறுமையான வேலை, ஆனால் உளி ஒருமுறை ஆழமாக இறங்கினால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஹட்டன் மழையில் கட்டை ஊதியிருக்கவும் கூடும், அதனால் முதலில் கொஞ்ச நாள் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்புக்குமேல் மட்டும் வேண்டாம், வெடித்துவிடும்.

ஹட்டனிலிருந்து:
நன்றி அண்ணே. கரி தடவிப் பார்த்தேன், கறுப்பெல்லாம் பின்முனையில்தான். அப்புறம் அடிக்கட்டையில் பென்சிலால் கொடி மாதிரி மங்கலாக வரைந்திருக்கிறது, பாதிதான் செதுக்கியிருக்கிறார்.

மாத்தளையிலிருந்து:
அது லியவெல, கண்டிச் சித்திர வேலையில் வருகிற கொடி. சாண்ட் பேப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள், முதலில் போட்டோ எடுத்து அந்த அண்ணனுக்கே அனுப்பி, கொடி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். அவர் கோட்டிலேயே போங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து:
பூச்சுக்கு என் அனுபவம்: நம் பக்க ஈரத்தில் பிரெஞ்சு பொலிஷ் (அரக்குப் பூச்சு) வெள்ளை பூத்துவிடும். லின்சீட் ஒயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு கொடுங்கள். பலா இப்போது மஞ்சளாகத்தான் தெரியும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகவே பழுப்பாகும், சாயம் தேவையில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

இன்னொன்று, குழலில் துளை போடச் சொல்லி யார் கேட்டாலும் வேண்டாம். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஒத்திகைக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும்போது துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பொலிஸிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.