எஸ்பிடி-எஸ்எக்ஸ் டிரம் பேட்ல இடம் முடிஞ்சிட்டு, மெமரி கூட்ட ஏலுமா?

கல்லடி_டிரம்ஸ்: அண்ணமார், கோயில் திருவிழா மேடைகள்ல பழைய ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ்தான் அடிக்கிறன், உடுக்கு, பறை எல்லாம் நாங்களே ரெக்கோட் பண்ணி ஏத்தி இப்ப மெமரி ஃபுல். பெரிய பென்டிரைவ் குத்தினா சரிவருமா, இல்லாட்டி சவுண்ட் ஏத்தி வாசிக்கிற எஸ்பி-404 எம்கே2 பெட்டி வாங்கவா?

கல்முனை_பேட்: பென்டிரைவ் பேக்கப்புக்கும் சவுண்ட் ஏத்துறதுக்கும்தான் தம்பி, அதிலயிருந்து நேரா வாசிக்காது, உள்மெமரிய கூட்டவும் ஏலா. முதல்ல ஒத்தை அடி சவுண்டெல்லாத்தையும் மோனோவாக்கு, அதாவது ஒரே சனல், ஸ்டீரியோ வேவ் நிமிஷத்துக்கு 10 எம்பி கிட்ட தின்னும், மோனோ அதில பாதி. பின்னால சத்தமில்லாம இழுபடுற வாலையும் வெட்டு. பிறகும் பத்தாட்டி எஸ்பிடி-எஸ்எக்ஸ் ப்ரோ மாடல், அதில 32 ஜிபி.

அக்கரைப்பற்று_கீஸ்: 404 நல்ல சாமான், உள்ளுக்கு 16 ஜிபி, எஸ்டி காட்டும் போடலாம், அதுவும் பேக்கப்புக்கும் சவுண்ட் ஏத்துறதுக்கும்தான். ஆனா விரலால தட்டுறது, தடியால அடிச்சா போச்சு.

கல்லடி_டிரம்ஸ்: எனக்கு தடிதான் வேணும்ண்ணே. மோனோவாக்கிப் பாக்கிறன், ப்ரோ விலையக் கேட்டாலே தலை சுத்துது.

கல்முனை_பேட்: பேக்கப் எடுக்காம ஒண்டையும் அழிச்சிராத. ஜெனரேட்டர் கரண்ட் எண்டா சின்ன யூபிஎஸ் ஒண்டும் வை, இடையில கட்டானா திரும்ப ஓன் ஆகி வருமட்டும் பாட்டுக்காரர் உன்னையே பாத்துக்கொண்டு நிப்பார்.