பாத்கென் உலர் ஆப்ரிகாட்: வர்த்தக உதவிப் பணம் லேபுக்கா, களத்துக்கா?

மலைச்சந்தை (கேள்வி)

கிர்கிஸ்தானின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பாத்கென் மாகாணத்து உலர் ஆப்ரிகாட்டை ஐரோப்பாவுக்கு நேரடியாக விற்க ஒரு உதவித் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். காலம் 3 ஆண்டு, தொகை 10 லட்சம் யூரோ. வழக்கமாக இப்படிப்பட்ட வரைவுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்துக்குப் போய்விடுகிறது: ஓஷ் நகரில் பூச்சிமருந்து எச்சமும் அஃப்லடாக்சினும் (பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு) பார்க்க ஒரு லேப், அதற்கு எல்சி-எம்எஸ் என்ற விலை உயர்ந்த பகுப்பாய்வு இயந்திரம் ஒன்று. மிச்சத்தில் அலுவலர் பயிற்சி, ஜெர்மனியில் ஒரு கண்காட்சி ஸ்டால், ஒரு இணையதளம்.

நாடு கையெழுத்துப் போடுவதில் பின்தங்கவில்லை. 1998 டிசம்பரில், முன்னாள் சோவியத் நாடுகளில் முதலாவதாக உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2015 ஆகஸ்டில் ரஷ்யாவும் இருக்கும் யூரேசியப் பொருளாதார ஒன்றியம். 2016 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையும் உண்டு. அப்படியும் சரக்கு ரஷ்யா பக்கம்தான் சாய்கிறது.

என் கேள்விகள்: லேபை முதலில் கட்டுவது சரியா? கட்டினால் 3 வருடம் கழித்து அதை யார் ஓட்டுவது? வரிச்சலுகையால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

துலாக்கோல்

லேபை முதலில் கட்டுவது தவறு என்பதுதான் என் கருத்து. காரணம் சரக்கிலேயே இருக்கிறது.

உலர் ஆப்ரிகாட் ஐரோப்பிய எல்லையில் எதனால் மாட்டுகிறது என்று முதலில் பாருங்கள். துருக்கி, உஸ்பெகிஸ்தான் இரண்டு நாட்டு ஆப்ரிகாட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூடுதல் சோதனைப் பட்டியலில் வந்தது சல்ஃபைட்டுக்காக. பழம் கறுக்காமல் இருக்கப் போடும் கந்தகப் புகையால் (சல்ஃபர் டை ஆக்சைடு) பழத்தில் தங்குவது அது. அனுமதி கிலோவுக்கு 2,000 மில்லிகிராம். 10 மில்லிகிராமைத் தாண்டினாலே லேபிளில் ஒவ்வாமைப் பொருள் என்று எழுதியாக வேண்டும். "கந்தகம் போடாதது" என்று விற்ற சரக்கில் 40 வந்தால் அதுவும் குற்றம்தான். அஃப்லடாக்சினுக்கும் வரம்பு உண்டு (நேரடியாகச் சாப்பிடும் உலர் பழத்தில் அதன் பி1 வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், மொத்தம் 4). ஆனால் அந்த ஆபத்து அத்திப்பழத்தில் இருக்கும் அளவுக்கு ஆப்ரிகாட்டில் இல்லை.

சல்ஃபர் டை ஆக்சைடை அளக்க எல்சி-எம்எஸ் வேண்டாம். மோனியர்-வில்லியம்ஸ் முறைக்குக் கண்ணாடிக் குடுவை, கண்டென்ஸர், ஹீட்டிங் மேன்டில், ஒரு நைட்ரஜன் சிலிண்டர், ஒரு பியூரெட் போதும். பழத்தை நன்றாக அரைத்து, அமிலத்தோடு 1 மணி 45 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நைட்ரஜன் அடித்துக்கொண்டுபோகும் வாயு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் போய்க் கந்தக அமிலமாகிறது. அதை 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்தால் (சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால்) விடை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கையேட்டில் 50 கிராம் மாதிரி என்று இருக்கும். அது குறைந்த அளவைக் கண்டுபிடிக்க. 2,000 அளவில் இருக்கும் ஆப்ரிகாட்டை 50 கிராம் போட்டால் 300 மில்லிக்கு மேல் ஹைட்ராக்சைடு போகும், பியூரெட்டை ஆறேழு தடவை நிரப்ப வேண்டிவரும். 5 கிராம் எடுத்தால் சுமார் 31 மில்லியில் முடிந்துவிடும். ஆனால் 5 கிராம் என்பது ஒரே ஒரு பழம். அதனால் முதலில் ஒரு கிலோவாவது எடுத்து அரைத்துக் கலக்கி, அதிலிருந்து 5 கிராம் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரே மூட்டையில் 900-மும் வரும், 2,800-மும் வரும். பழி கருவி மேல் விழும்.

அந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்கள் பணம் போக வேண்டும். வீடுவீடாக, பிளாஸ்டிக் தாளை மூடி, உள்ளே ஒரு தட்டில் கந்தகத்தைக் கொளுத்துகிறார்கள். எவ்வளவு கந்தகம் என்று யாரும் எடை போடுவதில்லை. ஒரு கிராம் கந்தகம் எரிந்தால் இரண்டு கிராம் சல்ஃபர் டை ஆக்சைடு. தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழம் அளவுக்கு மேல் குடித்துக்கொள்கிறது, மூலையில் இருப்பது கொஞ்சம்தான் வாங்குகிறது. வெட்டின பக்கம் மேலே பார்த்தபடி வைத்தால் ஒரு அளவு, கவிழ்த்து வைத்தால் வேறு. பிறகு வியாபாரி நாற்பது வீட்டுச் சரக்கை ஒரே குவியலாகக் கொட்டுகிறார். அந்தக் குவியலுக்குச் சராசரி என்று ஒன்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

ஆகவே என் வரிசை இது. முதலில் பொதுப் புகை அறைகள்: பழத்தை எடை போட ஒரு தராசு, கந்தகத்துக்குத் தனியாகக் கிராம் தராசு, சுவரில் ஒரு அட்டவணை. தரையிலோ கூரையிலோ பரப்பாமல் தரைக்கு மேலே நிற்கும் வலைத் தட்டு. அறையை விட்டு எடுக்கும்போதே வீட்டு எண்ணும் தேதியும் போட்ட சீட்டு மூட்டையில். அடுத்து ஈரப்பதம்: பதப்படுத்தாத பழத்துக்கு ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் தரநிலை சொல்வது 22 சதவீதம். கையில் பிடிக்கும் மீட்டர்களை ஆப்ரிகாட்டுக்கென்று அளவு திருத்தாமல் நம்பக் கூடாது. சர்க்கரை அதிகம் என்பதால் தப்புக் காட்டும். மூன்றாவதாக மேலே சொன்ன டைட்ரேஷன் மேசை, பொதி கட்டும் இடத்திலேயே. புகை ஆறிய மறுநாள் 2,300 காட்டும் சரக்கு இரண்டு மாதம் கிடங்கில் கிடந்தால் இறங்கிவிடும், வெயிலில் இன்னும் வேகமாக. அந்த இறக்கத்தை மூன்று நான்கு லாட்டில் அளந்து வைத்துக்கொண்டால் எதை எப்போது அனுப்பலாம் என்று தெரியும். இறங்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் அனுப்பக் கூடாது.

அஃப்லடாக்சினுக்கும் பூச்சிமருந்துக்கும் முதல் இரண்டு பருவம் மாதிரியை ஐரோப்பிய லேபுக்கே அனுப்புங்கள். வாங்குபவர் எப்படியும் தன் லேப் சான்றைத்தான் கேட்பார். மாதிரி எடுக்கும் முறைதான் முக்கியம்: 15 டன்னுக்கு மேற்பட்ட லாட்டை 15 முதல் 30 டன் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 100 இடத்திலிருந்து சுமார் 100 கிராம் வீதம், மொத்தம் 10 கிலோ. மேல் மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பினால், லேப் எவ்வளவு நல்லதானாலும் அந்த முடிவு அந்த ஒரு கைக்குத்தான் பொருந்தும்.

லேப் ஏன் 3 வருடத்தில் நின்றுபோகிறது என்ற கேள்விக்கு: இயந்திரம் கெடுவதால் நிற்பது குறைவு. நிற்பது சில்லறைச் சாமானால். அஃப்லடாக்சினைப் பிரித்தெடுக்கும் சிறு வடிகுழாய்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், காலாவதித் தேதி உண்டு. சுங்கத்தில் மூன்று வாரம் வெயிலில் கிடந்தால் போச்சு. நைட்ரஜன் சுத்தம் போதாது, மின்னழுத்தம் ஆடுகிறது, சர்வீஸ் ஒப்பந்தம் திட்டத்தோடு முடிகிறது. பயிற்சி பெற்ற வேதியியலாளர் அரசுச் சம்பளத்தில் நிற்க மாட்டார். சோதனை லேப்களுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரமும் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, முறை வாரியாக, பொருள் வாரியாகக் கிடைப்பது. கோதுமையில் அஃப்லடாக்சினுக்கு வாங்கின அங்கீகாரம் ஆப்ரிகாட்டுக்குச் செல்லாது. அதைத் தக்கவைக்க வருடா வருடம் திறன் சோதனையில் கலந்துகொள்ள வேண்டும், தணிக்கைக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 20 மாதிரி ஓட்டக்கூடிய இயந்திரத்துக்கு ஒரு பருவம் முழுக்க 100 மாதிரி வந்தால் 5 நாள் வேலை. மீதி நாளுக்கு யார் காசு கட்டுவது?

எல்லைக்கல்

துலாக்கோல் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வரிக் கேள்விக்கு மட்டும் பதில்.

உலர் ஆப்ரிகாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சாதாரண வரி 5.6 சதவீதம். ஜிஎஸ்பி பிளஸில் பூஜ்யம். 20 டன் லோடு, கிலோ 3 யூரோ என்று கணக்குக்கு வைத்தால் சரக்கு மதிப்பு 60,000, மிச்சமாகும் வரி 3,360 யூரோ. ஒன்றுமில்லாததல்ல; ஆனால் ஒரு கன்டெய்னர் திருப்பி அனுப்பப்பட்டால் பல லோடுகளின் சலுகை ஒரே நாளில் போய்விடும்.

தலாஸ் மாகாணத்து ராஜ்மாவையும் சேர்த்து இதே சலுகையைச் சொல்லி எழுதுகிறவர்கள் உண்டு. உலர்ந்த ராஜ்மாவுக்கு ஐரோப்பாவில் எல்லோருக்குமே வரி பூஜ்யம். அங்கே ஜிஎஸ்பி பிளஸால் ஒரு காசு பயனில்லை.

தையலிலும் இதே மாதிரி ஒரு குழி. பிஷ்கெக் தையல் கூடங்கள் பல சீனத் துணியில் தைக்கின்றன. ஐநா பட்டியலில் இருக்கும் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கு வாங்கின துணியில் தைத்தாலே போதும், சலுகை கிடைக்கும். கிர்கிஸ்தான் அந்தப் பட்டியலில் இல்லை. நெசவும் தையலும் இரண்டுமே உள்நாட்டில் நடக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. அதனால் அந்தச் சட்டை 12 சதவீத வரியோடுதான் போகும். தையல் கூடங்களுக்கு ஐரோப்பியக் கண்காட்சியைவிட ரஷ்யாவின் டிஜிட்டல் குறியீட்டு விதிக்குத் தயாராக உதவுவது மேல். 2021 ஜனவரி முதல் பல உடை வகைகளுக்கு அது கட்டாயம். குறியீடு அச்சடிக்கும் பிரிண்டர், மென்பொருள், ஒவ்வொரு உருப்படியையும் ஸ்கேன் செய்யும் ஒழுங்கு எல்லாம் வேண்டும்.

பாத்கெனுக்கு வருவோம். மிகப் பெரிய ஆபத்து பழம் எந்த நாட்டுப் பழம் என்பதில். பக்கத்திலேயே தஜிகிஸ்தானின் இஸ்ஃபாரா; அங்கும் அதே ஆப்ரிகாட்தான். விலை வித்தியாசம் வந்தால் தரகர்கள் இரு பக்கத்துச் சரக்கையும் கலக்கிறார்கள். விதி "முழுக்க அந்த நாட்டில் விளைந்தது" என்கிறது. கலந்த லோடுக்குக் கிர்கிஸ் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் அறிக்கை. 6,000 யூரோ வரை எந்த ஏற்றுமதியாளரும் இன்வாய்ஸிலேயே தோற்ற வாசகம் எழுதலாம்; அதற்கு மேல் ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். பதிவு செய்வது எளிது. பின்னால் சரிபார்ப்புக் கேட்டு வரும்போது காட்ட எந்தத் தோட்டம், எத்தனை கிலோ என்ற ஏடு இருக்கிறதா என்பதே கேள்வி. துலாக்கோல் சொன்ன அந்த மூட்டைச் சீட்டு இங்கேயும் உதவும்.

இன்னொன்று: கொட்டையை உடைத்துப் பருப்பை விற்கலாம் என்று யாராவது திட்டத்தில் சேர்ப்பார்கள். கடைக்குப் போகும் பச்சை ஆப்ரிகாட் பருப்புக்கு ஐரோப்பாவில் ஹைட்ரோசயனிக் அமில (சயனைடு நஞ்சு) வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கசப்பு வகை அதைத் தாண்டிவிடும்.

மலைச்சந்தை

இருவருக்கும் நன்றி. ரஷ்யச் சந்தையை விட்டுவிட முடியாது என்பதால் ஒன்று: ஐரோப்பிய லேப் முடிவை வைத்து ரஷ்யாவுக்கு அனுப்பலாமா? இன்னொன்று, 10 லட்சம் யூரோ போதாதென்றால் வேறு எந்த நிதியைக் கேட்பது?

எல்லைக்கல்

முடியாது. யூரேசிய ஒன்றியத்துக்குள் உணவுப் பாதுகாப்பு விதி 021/2011, லேபிள் விதி 022/2011. சரக்கு இந்த விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்ற இணக்க அறிவிப்புக்கு அந்த ஒன்றியத்தின் பதிவேட்டில் இருக்கும் லேபின் அறிக்கை வேண்டும். அதாவது இரண்டு சந்தைக்கு இரண்டு ஆவணப் பாதை. எந்த லோடு எங்கே போகிறது என்று பொதி கட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஊற்றுநீர்

நிதி பற்றி நான் சொல்கிறேன்.

உலக வர்த்தக அமைப்பு 2005 ஹாங்காங் மாநாட்டில் தொடங்கிய "வர்த்தகத்துக்கான உதவி" என்ற தலைப்பின் கீழ் வரும் பணத்தில் பெரும்பங்கு சாலை, மின்சாரம், விவசாயம், வங்கிக் கடன். விதி, சுங்கம், தரம் போன்றவற்றுக்குச் சிறு பங்குதான். மேம்படுத்தப்பட்ட ஒருங்கிணைந்த கட்டமைப்பு என்ற நிதியைக் கேட்க வேண்டாம். அது மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கானது. கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் இரண்டும் ஏழ்மையானவை, ஆனாலும் அந்தப் பட்டியலில் இல்லை. சோவியத் காலத்துப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தந்த குறியீடுகள் வருமானத்தைவிட மேலே நிற்பது அதற்கு ஒரு காரணம். நடுவில் மாட்டிக்கொண்ட நாடுகள் இவை, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொருந்துவது தரநிலைகள் மற்றும் வர்த்தக மேம்பாட்டு நிதியம், ஜெனிவாவில் இருப்பது. திட்டத் தயாரிப்புக்கு 50,000 டாலர் வரை, திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் வரை. கீழ்-நடுத்தர வருமான நாடு என்றால் 20 சதவீதம் சொந்தப் பங்கு. ஆள், கட்டடம், வண்டியாகவும் காட்டலாம். முதலில் தயாரிப்பு மானியத்தைக் கேளுங்கள். எந்த லோடு எதனால் திரும்பியது என்று வாங்குபவர்களிடமே கேட்டு எழுத அந்தப் பணம் போதும்.

சுங்கம் சார்ந்தவை உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தின் கீழ் வரும். அது 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. உதவி வந்தால்தான் செய்ய முடியும் என்று நாடு அறிவித்தவை "சி" வகை. திட்டத்தில் எழுதுவதை அந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால் அமைச்சகத்தில் கதவு சீக்கிரம் திறக்கும். பிரிவு 5.3-ஐ மறக்காதீர்கள்: முதல் சோதனை பாதகமாக வந்தால், கேட்டுக்கொண்டால் இரண்டாவது சோதனைக்கு நாடு வாய்ப்புத் தரலாம் என்கிறது; கட்டாயமில்லை. 2,000-க்கு அருகே நிற்கும் ஆப்ரிகாட் லோடுக்கு அது பெரிய விஷயம்.

லேபுக்கென்று பெரிய தொகை அண்டை நாட்டிலிருந்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். யூரேசிய ஒன்றியத்தில் சேர்ந்ததற்குத் துணையாக கஜகஸ்தான் 10 கோடி டாலர் தர 2016 டிசம்பரில் ஒப்பந்தமானது. 2017 அக்டோபரில் இரு நாட்டு எல்லையில் லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் கிர்கிஸ்தானே அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எந்த எல்லை வழியே சரக்கு போக வேண்டுமோ அந்த நாட்டின் பணத்தில் லேப் கட்டினால், உறவு கெடும் நாளில் சாலையும் லேபும் சேர்ந்தே நிற்கும்.

துலாக்கோல்

ஒரு சேர்க்கை. வரைவில் லேப் செலவை முழுக்க வெட்டினால் அமைச்சகம் ஒப்பாது. அதனால் "3-ஆம் ஆண்டு முடிவு" என்று ஒரு வாசகம் வையுங்கள்: இரண்டு பருவத்தில் வெளிநாட்டு லேபுக்குப் போன மாதிரி எண்ணிக்கை வருடம் 400-ஐத் தாண்டினால் மட்டும் எச்பிஎல்சி (அஃப்லடாக்சின் அளக்கும் இயந்திரம்) வாங்குவது, அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லேபில். 400 என்பது என் கணக்கு. உள்ளூர் சம்பளம், கட்டணம் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அறுவடை ஜூன் கடைசியிலேயே தொடங்கிவிடும், எனவே புகை அறைக்கான டெண்டர் பிப்ரவரிக்குள் முடிய வேண்டும். அது தவறினால் முதல் பருவம் முழுசாகப் போய், 3 வருடத் திட்டம் 2 பருவத் திட்டமாகிவிடும்.