அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரிந்துகொள்ள உதவுங்கள்

குழுவில் இருக்கும் நர்ஸ்கள், டாக்டர்களிடம் ஒரு உதவி. இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இனி கவனித்துக்கொள்வது நானும் தம்பியும்தான்.

சம்மரியில் உள்ள டிஸ்னியா என்றால் மூச்சுத்திணறல், டாக்கிகார்டியா என்றால் ஓய்வில் இருக்கும்போதே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவது. அதுவரை சரி. ஆர்தாப்னியா என்ன என்பது அப்பாவைப் பார்த்தே புரிந்தது. மட்டமாகப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்குகிறது, எழுந்து தலையணைகளில் சாய்ந்ததும் தணிகிறது.

பெரிய சிக்கல் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன். 35% என்று போட்டிருக்கிறது. இதயத்தில் அவ்வளவுதான் மிச்சம் என்று நினைத்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு, நல்ல இதயமும் முழுவதையும் தள்ளாது, ஏறக்குறைய 55 முதல் 70% வரைதான் என்று சொல்லிப் பார்த்தேன். சமாதானப்படுத்தப் பேசுகிறேன் என்கிறார். மருத்துவத் துறையில் இருப்பவர் யாராவது அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப முடியுமா? உங்கள் குரலைக் கேட்டால் நம்புவார்.

அப்புறம் இன்னொன்று. மூச்சை எண்ணும்போது பார்க்கிறேன் என்று தெரிந்தாலே அப்பாவின் மூச்சு மாறிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்கிறார்கள். நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை எண்ணினால் சரியாக வருமா? முழு நிமிடமும் எண்ண வேண்டுமா, 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்கினால் போதுமா? அடுத்த செக்கப்பில் காட்ட மூச்சு, நாடி, காலை எடை, கால் வீக்கம் எல்லாம் நோட்டில் எழுதி வருகிறோம். வேறு எதையாவது குறிக்க வேண்டுமா?