பாம்புச் செடி அடியில் கொழகொழவென்று ஆகிறது, அவசர உதவி

நீடாமங்கலம்: ஹாலில் வைத்திருக்கும் பாம்புச் செடியில் இரண்டு இலை மஞ்சளாகி, அடியில் கொழகொழத்துச் சாய்ந்துவிட்டது. தண்ணீரெல்லாம் சரியாகத்தான் ஊற்றுகிறேன், மண்ணும் நல்ல மண். என்ன மருந்து அடிக்கலாம்? மாமியார் வாங்கிக் கொடுத்த செடி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

மொட்டைமாடி: "சரியாக" என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை தம்பி? தொட்டியில் ஓட்டை உண்டா? எந்த மண்?

புண்ணாக்கு பிரியன்: வேர்ப்பூச்சியாக இருக்கும். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். எனக்கு எல்லாச் செடிக்கும் அதுதான்.

தாவரப்பித்தன்: குழுவில் பழைய பதிவுகளைத் தேடிவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? இதன் பெயர் டிரசீனா டிரைஃபேசியேட்டா. முன்பு சான்செவேரியா என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் செடி. இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், தண்ணீர் வீணாக ஆவியாகாமல் இருக்க இலைத்துளையை இரவில்தான் திறக்கும். நீங்கள் சும்மா இருந்தாலே அது பிழைத்துக்கொள்ளும்.

கும்பகோணத்து அக்கா: மாமியார் கொடுத்ததா! வெள்ளைக்காரர்கள் இதை மாமியார் நாக்கு என்றுதான் சொல்வார்கள் 😄

நீடாமங்கலம்: தம்பி இல்லை சார், நான் மருமகள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன். எங்கள் வயல் மண், நெல் நன்றாக விளைகிற வண்டல். தொட்டி பீங்கான். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மொட்டைமாடி: மன்னியுங்கள் தங்கச்சி. விஷயம் இங்கேதான் இருக்கிறது. வயலில் சேறு கலக்குவதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான். அந்த மண்ணை வீட்டுக்குள் வெயில் படாத தொட்டியில் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மருந்து வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம்.

செடியை இன்றே எடுத்துக் கழுவுங்கள். கிழங்கில் அழுத்தினால் அமுங்குகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, மீதியை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு ஓட்டை உள்ள மண்தொட்டியில், பாதிக்குப் பாதி பரும்மணல் கலந்து நடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறை ஊற்றினால் தாராளம்.

கடைமடைக்காரன்: எங்கள் வண்டலைக் குறை சொல்லாதீர்கள். ஊருக்கே சோறு போடுகிற மண் சார் அது.

மொட்டைமாடி: நெல்லுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். இது நெல் இல்லையே.

தாவரப்பித்தன்: புது வண்டல் இப்போது எங்கே வருகிறது? 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்ததிலிருந்து பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

கடைமடைக்காரன்: அணை இல்லாவிட்டால் குறுவைக்குத் தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வருமா? பரும்மணல் போடு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். கொள்ளிடத்தில் அள்ளியது போதாதா?

புண்ணாக்கு பிரியன்: எம்-சாண்ட் போடலாமே, பாறையை உடைத்துச் செய்கிற மணல்.

மொட்டைமாடி: சலித்துவிட்டுப் போடுங்கள். தூள் இருந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். ஒரு தொட்டிக்கு இரண்டு கை மணலால் கொள்ளிடம் வற்றிவிடாது ஐயா.

கும்பகோணத்து அக்கா: மேலே நல்லதாக இருக்கிற இலையைத் துண்டுபோட்டு நட்டாலும் வேர் விடும் கண்ணு. இலை ஓரத்தில் மஞ்சள் கோடு உள்ள வகையென்றால் புதுக்கன்றில் அந்தக் கோடு வராது, வெறும் பச்சைதான். மாமியார் கண்டுபிடித்துவிடுவார்.

நீடாமங்கலம்: ஓட்டையே இல்லை. அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர், ஒரே நாற்றம். ஒரு கிழங்கு மட்டும் கெட்டியாக இருக்கிறது, காயவைத்திருக்கிறேன். மஞ்சள் ஓரம்தான் அக்கா. நன்றி.

கடைமடைக்காரன்: இரண்டு கை, இரண்டு கை என்றுதான் இரண்டாயிரம் லாரி போனது.