நூறு வரை ஒப்பிக்கிறாள், ஏழு கொட்டையை எண்ணத் தெரியவில்லை

கேள்வி (பெருந்துறை):
யுகேஜி படிக்கும் என் மகள் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் பாயில் ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னால், ஒன்றை இருமுறை தொட்டுவிட்டு எட்டு என்கிறாள். கடையில் விற்கும் வண்ண மணிச்சட்டம் வாங்கித் தரலாமா?

பதில் (தொடக்கப்பள்ளி ஆசிரியை, கோபி):
வாங்க வேண்டியதில்லை அம்மா. எண்ணுப்பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு, ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று பொருத்துவது வேறு. எண்ணிய கொட்டையை அடுத்த தட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள், இருமுறை தொடுவது நின்றுவிடும். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு விதையாக இட்டுச் செல்வதும் இதே பயிற்சிதான். பரப்பி வைத்தால் கூடிவிட்டதாக நினைப்பது இந்த வயதுக்கு இயல்பு, அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பத்தைத் தாண்டியதும் தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டு அவள் கையாலேயே கட்டப்பட வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் அவளுக்கு அது வெறும் தடித்த குச்சிதான். இருபத்து மூன்று என்னும் சொல்லிலேயே இரண்டு கட்டும் மூன்று உதிரியும் இருப்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு வசதி. தொண்ணூறுதான் வம்பு: பெயருக்குள் நூறு ஒலிப்பதால் என் வகுப்பில் ஆண்டுதோறும் சிலர் குழம்புவார்கள், ஒன்பது கட்டுகளை எடுத்து அடுக்கிய பிறகே தெளிவார்கள்.

பதில் (திருப்பூர்):
என் மகனுக்குப் பனியன் கம்பெனியில் மீந்த வண்ணப் பொத்தான்களைக் கொடுத்தேன். எண்ணுவதை விட்டுவிட்டு நிறம் பிரித்துக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் வெள்ளையாக மாற்றிய பிறகுதான் எண்ணினான். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் கொட்டை, பொத்தான் எதையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும். இரண்டாம் வகுப்பிலும் அவன் பொத்தானைத் தேடுகிறானே, எப்போது நிறுத்துவது?

பதில் (கோபி):
திடீரென்று பிடுங்காதீர்கள், ஐயா. எட்டுப் பொத்தான்களைக் காட்டிவிட்டு, சிலவற்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மீதி ஐந்தை மட்டும் பார்க்கவிட்டு, மூடிய கைக்குள் எத்தனை என்று கேளுங்கள். பிறகு பொத்தானுக்குப் பதில் புள்ளி வரையட்டும், அதன் பிறகு எண் மட்டும் போதும். 2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது முதல் நாங்களும் தொடக்க வகுப்புகளைச் செயல்பாடுகள் வழியாகத்தான் நடத்துகிறோம், ஆனாலும் பொருளிலிருந்து தாளுக்கு வரும் இந்த இடத்தில் பலரும் அவசரப்படுகிறோம்.

கேட்டவர்:
நேற்று மாலை ஈர்க்குச்சி கட்டினோம். ரப்பர் பேண்டு இறுகி இரண்டு குச்சிகள் ஒடிந்தன. ஒடிந்த துண்டுகளையும் சேர்த்து எண்ணியவள், "இந்தக் கட்டுல பன்னெண்டு இருக்குதும்மா, ரெண்டை எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள்.