செத்தவர்கள் திரும்பி வருகிற தொடர்களில் துக்கத்துக்கு எங்கே இடம்? (கதை முடிவுகள் பேசப்படும்)

தினா, தண்டையார்பேட்டை:
வணக்கம் மக்களே. ‘ஐடென்டிட்டி க்ரைசிஸ்’ படித்து முடித்ததிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. அமெரிக்க காமிக்ஸ் நிறுவனம் டிசி 2004இல் ஏழு இதழ்களாகக் கொண்டுவந்த கதை. உடம்பை ரப்பர் மாதிரி நீட்டுகிற ஹீரோ எலாங்கேட்டட் மேன், அதாவது ரால்ஃப் டிப்னியின் மனைவி சூ கொலை செய்யப்படுகிறாள். சூவுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, ஆனால் ஹீரோக்கள் எல்லோருக்கும் வேண்டியவள். இறுதிச் சடங்கில் ரால்ஃப் பேச எழுந்து நிற்கும்போது, எவ்வளவு இழுத்தாலும் நீளுகிற அவன் முகம் கட்டுப்பாடு போய் அப்படியே தொங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதற்கப்புறம் கதை விசாரணைக்குள் போய்விடுகிறது. பூட்டிய வீட்டுக்குள் யார் புகுந்தது, எந்த வில்லன் செய்தது, ஹீரோக்கள் ஒரு காலத்தில் எதை மூடி மறைத்தார்கள் என்று இதழுக்கு ஒரு முடிச்சு. விறுவிறுப்புக்குக் குறைவே இல்லை. பாதி தூரம் போவதற்குள் எல்லோருக்கும் சூ வெறும் கேஸ் ஆகிவிடுகிறாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஏரியாவில் சாவு விழுந்தால் ராத்திரி முழுக்க மரண கானா பாடுவார்கள். போனவர் பேர், தெரு, கூட்டாளிகள், பார்த்த வேலை, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எல்லாம் பாட்டில் வரும். எப்படிச் செத்தார் என்பது ஓரிரு வரியில் போய்விடும். அந்த மாதிரி உட்கார்ந்து அழ இடம் கொடுக்கிற கதை மாதாமாதம் ஓடுகிற சூப்பர் ஹீரோ தொடரில் இருக்கிறதா? ‘எப்படியும் திரும்பி வரப்போகிறவனுக்கு எதுக்குடா அழணும்’ என்று என் நண்பன் கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பெரம்பூர் லோகோ:
ப்ரோ, நேராக 1973க்குப் போங்க. அமேசிங் ஸ்பைடர்மேன் 121, 122ஆம் இதழ்கள், ஜெர்ரி கான்வே கதை, கில் கேன் ஓவியம். ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் மேலிருந்து வில்லன் க்ரீன் காப்ளின் தள்ளிவிடுகிறான். யார் செய்தது என்பதில் மர்மமே கிடையாது, நம் கண் முன்னால் நடக்கிறது. ஸ்பைடர்மேன் வலையை வீசி அவள் காலைப் பிடித்துவிடுகிறான். காப்பாற்றிவிட்டோம் என்று அவன் பேசிக்கொண்டே இழுக்கிறான். அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஸ்னாப்’ என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார்கள். வேகமாகப் படித்தால் கண்ணில் படாமலே போய்விடும்.

விழுந்ததில் செத்தாளா, இவன் வலை சட்டென்று நிறுத்தியதில் கழுத்து ஒடிந்து செத்தாளா? அந்தக் கதையில் மர்மம் என்றால் இது ஒன்றுதான். 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் சட்டென்று நிறுத்தியதில் கழுத்து குலுங்கி ஒடிந்ததுதான் காரணம் என்று பதிப்புத் தரப்பே எழுதியது. அந்தக் கேள்விக்குத் துப்பறிந்து விடை தேட முடியாது, பீட்டர் ஆயுசு முழுக்கச் சுமக்கணும். ஐடென்டிட்டி க்ரைசிஸில் மர்மம் நம்மைச் சாவிலிருந்து தூரமாகக் கூட்டிக்கொண்டு போகிறது, இங்கே அது மறுபடி மறுபடி அந்தப் பாலத்துக்கே கொண்டுவந்து விடுகிறது.

122ஆம் இதழின் கடைசிப் பக்கத்தைத் தயவுசெய்து நிதானமாகப் பாருங்க. ஆறுதல் சொல்ல வந்த தோழி மேரி ஜேனைப் பீட்டர் கன்னாபின்னாவென்று பேசி வெளியே போகச் சொல்கிறான். அவள் அழுதுகொண்டே கதவு வரைக்கும் போகிறாள், நிற்கிறாள், அப்புறம் உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்துகிறாள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. அதுவரைக்கும் ஆட்டம் பாட்டம் என்று திரிந்த பெண்ணாகத்தான் அவளைக் காட்டியிருந்தார்கள். நீங்க கேட்ட இடம் அதுதான்.

வியாசை வாசகன்:
எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. இந்தச் சாவுகளில் நிறைய விற்பனைக்காக வைத்த சாவு. 1992இல் சூப்பர்மேன் சாகிற 75ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, உள்ளே கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையும் வைத்து விற்றார்கள். அதற்கு முன்னால் 1988இல் பேட்மேனின் கூட்டாளி ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகணுமா பிழைக்கணுமா என்று போனில் ஓட்டுப் போட விட்டார்கள், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, வாழட்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு பையன் கதை முடிந்தது.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். 1994இல் க்ரீன் லான்டர்ன் என்ற ஹீரோ கைல் ரேனரின் காதலியைக் கொன்று குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள், அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டும். காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999இல் இப்படிச் செத்த, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலையே இணையத்தில் போட்டார், அது நீண்டுகொண்டே போனது. சூவும் அதே வரிசைதான். ஒரு வில்லன் முன்பு அவளுக்கு இழைத்த கொடுமையை, அந்தப் பழைய காயத்தைத் தோண்டி எடுத்துக் கதைக்குத் திருப்பமாக வைத்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. க்வென் கதையை நானும் மதிக்கிறேன், ஆனால் அங்கேயும் செத்தது அவள், துக்கமெல்லாம் அவனுடையது.

காசிமேடு அந்தோணி:
தம்பி தினா, உன் நண்பன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

காமிக்ஸ் படிக்கிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு, உடல் கிடைக்கவில்லை என்றால் ஆள் சாகவில்லை என்று. அதை ஒரு தந்திரமாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கள் குப்பத்தில் அது தந்திரம் கிடையாது. கடலுக்குப் போன படகு குறித்த நாளில் வரவில்லை என்றால் முதலில் மற்ற படகுகள் தேடப் போகும். அப்புறம் ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்பார்கள், வேறு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்பார்கள். உடல் கிடைக்காதவரை இறந்துவிட்டார் என்று சட்டம் ஏற்றுக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை, ரேஷன் கார்டில் புருஷன் பெயரை எடுக்கவும் சம்மதிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அழவும் தெரியவில்லை, அழாமல் இருக்கவும் தெரியவில்லை. அந்த வீட்டில் போய், திரும்பி வரலாம் என்கிறபோது எதுக்கு அழணும் என்று கேட்க முடியுமா?

அதனால்தான் கேப்டன் அமெரிக்காவின் இளம் கூட்டாளி பக்கி பார்ன்ஸ் கதை எனக்கு இவ்வளவு நெருக்கம். 1964இல் அவெஞ்சர்ஸ் 4ஆம் இதழில் கேப்டன் அமெரிக்கா பனிக்கட்டியிலிருந்து எழுந்ததும் முதலில் கூப்பிடுவது பக்கியைத்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் விமானம் வெடித்ததில் பையன் போய்விட்டான் என்று அதற்கப்புறம் 41 வருஷம் சுமக்கிறான். 2005இல் எட் ப்ருபேக்கர், ஸ்டீவ் எப்டிங் தொடரில் பக்கி, பழைய நினைவு அழிக்கப்பட்ட கொலையாளி விண்டர் சோல்ஜராகத் திரும்புகிறான். முதலில் அது துப்பறியும் கதைதான், கோப்பு, பழைய படங்கள், யார் இந்தக் கொலைகாரன் என்று. ஆனால் உண்மை தெரியத் தெரிய கேப்டனுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வருகிறது. 14ஆம் இதழில் பக்கிக்கு நினைவைத் திருப்பிக் கொடுக்கிறான், அதோடு அவன் இத்தனை வருஷம் செய்த கொலைகளும் சேர்ந்து நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஆள் திரும்பிவிட்டான், போன பையன் திரும்பவில்லை. உன் நண்பனிடம் இந்தப் புத்தகத்தைக் கொடு.

ராயபுரம் மேரி:
வியாசை அண்ணா, கறுப்புப் பட்டை விற்றதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து வந்த ‘ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்’ இதழ்களைப் படித்தீங்களா? சூப்பர்மேனை எடுத்து வளர்த்த ஜோனதன் கென்ட்டும் மார்த்தாவும், பெற்ற பிள்ளையாக வளர்த்தவனின் அடக்கத்தை ஸ்மால்வில் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறார்கள். போக முடியாது, போனால் ரகசியம் வெளியே வந்துவிடும். மெட்ரோபொலிஸ் முழுக்க சூப்பர்மேனுக்காக அழுகிறது, அவனே முகமூடி இல்லாமல் வாழ்ந்த கிளார்க்கோ காணாமல் போனவர்கள் பட்டியலில் ஒரு பேர். அவன் காதலி லாயிஸுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியும், ஆனால் வெளியே யாரிடமும் வாய் திறக்க முடியாது. முகமூடி போட்ட கதைகளில் மட்டும்தான் இப்படி ஒரு துக்கத்தை எழுத முடியும், எனக்கு அதுதான் இந்த வகைக் கதைகளின் பெரிய பலமாகத் தெரிகிறது.

அதற்கப்புறம் நான்தான் சூப்பர்மேன் என்று நான்கு பேர் வந்து நிற்பார்கள். எது நிஜம் என்று மற்றவர்களுக்கு அது ஒரு புதிர், லாயிஸுக்கு ஒவ்வொருவனையும் பார்த்து ஆசைப்பட்டு உடைந்துபோகிற வேதனை. விற்பனைக்காக ஆரம்பித்ததாகவே இருக்கட்டும், எழுதினவர்கள் அந்த ரெண்டு கிழவன் கிழவியை மறக்கவில்லை.

அப்புறம் பேட்மேனை வளர்த்த பணியாளர் ஆல்ஃப்ரெட். 2019இல் பேட்மேன் 77ஆம் இதழில் பேன் (Bane) என்ற வில்லன் அவரைக் கொன்றான். அவர் சேர்த்துவைத்த சொத்து, முதல் ராபினாக இருந்து நைட்விங்கான டிக் கிரேசனுக்குப் போவதில்தான் 2021இல் டாம் டெய்லரின் நைட்விங் 78ஆம் இதழ் ஆரம்பிக்கிறது. அந்தப் பணத்தை வைத்து ப்ளூட்ஹேவன் ஊருக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறான். பழிவாங்கல் கிடையாது. அதையும் படிங்க.

தினா, தண்டையார்பேட்டை:
அந்தோணி அண்ணே, உங்கள் பதிவை நண்பனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் போடவில்லை, அப்புறம் ‘அந்த பக்கி புத்தகம் உன்கிட்ட இருக்கா’ என்று மட்டும் கேட்டான். வியாசை நண்பா, சூ பற்றி நீங்க சொன்னது சரி, எனக்கு உறுத்தியதும் அதுதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் ரால்ஃப் ராத்திரி படுக்கப் போகும்போது சூ பக்கத்திலேயே இருப்பதுபோல் அன்றாடக் கதை பேசுவதை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. அவன் அப்புறம் என்ன ஆகிறான்?

பெரம்பூர் லோகோ:
‘52’ தொடர் படிங்க. 2006 மே முதல் 2007 மே வரை வாரம் ஒரு இதழாக வந்தது, நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதியது. அதில் ரால்ஃப் மறுபடி துப்பறிகிறான், சூவைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று. அவன் வருகிற பக்கங்களை மட்டும் பொறுக்கிப் படிக்காதீங்க, வரிசையாகவே போங்க, நடுவில் பல வாரம் அவன் ஆளே தென்பட மாட்டான், அந்த இடைவெளியும் வேண்டும். 42ஆம் இதழ் முடிகிறவரை இணையத்தில் எதையும் தேடாதீங்க. முடித்ததும் இங்கே வந்து எழுதுங்க.