பிள்ளை பிறந்ததும் குறைக்காமல் விட்ட டோஸ்

பிரசவ வார்டு செவிலியர்:
வலிப்பு நோய்க்கு லாமோட்ரிஜின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்த பெண். கர்ப்பத்தில் ஈரல் இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடும் என்று 200 மி.கி.யை 400 ஆக்கியிருந்தார்கள். அது சரிதான். பிள்ளை பிறந்த பிறகு யாரும் அளவைக் குறைக்கவில்லை. பத்தாம் நாள் தொட்டிலுக்குள் கைவிட்டவள், பிள்ளைக்குப் பக்கத்தில் வெறும் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். “சிஸ்டர், பாப்பா ரெண்டா தெரியுது.” நடையும் தள்ளாடியது. வீட்டில் பிரசவக் களைப்பு என்றார்கள். இல்லை, ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் ஈரல் பழையபடி ஆகிவிடும். எந்த நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டு வலிப்பு வரக்கூடிய காலம் என்பதால் பழைய டோஸுக்குச் சற்று மேலேயே வைப்பதும் உண்டு.

மருந்தாளுநர்:
கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர், கருத்தடை மாத்திரையும் தவறாமல் போட்டவர். கர்ப்பம் உறுதியானதும் அட்டையை நீட்டினார். 21 குழியும் காலி. அவர்மேல் தப்பே இல்லை. கார்பமசெபினும் ஃபெனிடாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் ஈரலை முடுக்கி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். காப்பர் டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. லாமோட்ரிஜினில் கதை தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பாதியாகக்கூடக் குறைக்கும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும்.

நரம்பியல் பிரிவில் இருப்பவர்:
செவிலியர் சொன்னது சரி, ஆனால் பிரசவ நேரத்தில் பேசத் தொடங்குவதே தாமதம். 15 வயதுப் பெண், எடுப்பது வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து. “கல்யாணம் நிச்சயமாகட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் அம்மா. பெண் தலை நிமிரவே இல்லை. கருத்தரித்த 28 நாளுக்குள் சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடும். பலருக்கு அதற்குள் கர்ப்பமே தெரியாது. இந்த மருந்தில் நூறு குழந்தைகளில் சுமார் பத்துக்குப் பெரிய பிறவிக் குறை, 30 முதல் 40 பேருக்கு மனவளர்ச்சிச் சிக்கல். பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது, தொடர் வலிப்பில் உயிரே போகலாம். ஃபோலிக் ஆசிடைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் இன்னொன்று: மாதவிடாய் நாளையும் வலிப்பு வந்த நாளையும் ஒரே காலண்டரில் குறியுங்கள். மூன்று மாதம் மாதவிடாயை ஒட்டியே வலிப்பு வந்தால், அந்தச் சில நாளுக்கு மட்டும் க்ளோபஜாம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்க்க முடியும். குறிப்பு இல்லாமல் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எலும்புப் பிரிவிலிருந்து:
மாதவிடாய் நின்றவர்களை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பல வருடம் ஃபெனிடாயின் எடுத்தவர், சின்ன வலிப்புதான், இடுப்பெலும்பு முறிந்தது. அந்த மருந்து நாளடைவில் எலும்பை மெலிய வைக்கும். வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி இரண்டையும் பாருங்கள்.

பிரசவ வார்டு செவிலியர்:
தாமதம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பத்தாம் நாள், டோஸைக் குறைக்காத எந்தத் தாய்க்கும் வரலாம். வலிப்பு வந்தாலும் பிள்ளை கீழே விழாதபடி, துணி மாற்றுவது தரை விரிப்பில். குளிப்பாட்டும்போது பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.